நாணலும் முரட்டுமயிர் முயலும்

இமயமலை அடிவாரப் புல்வெளிகளில் நாணலும் முரட்டுமயிர் முயலும் ஒருங்கே வாழ்கின்றன. நாணலுக்கு 1771-இல் லின்னேயஸ் இட்ட ‘சாக்கரம் ஸ்பான்டேனியம்’ என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. கரும்பும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. முயலை 1839-இல் பியர்சன் ‘லீபஸ்’ பேரினத்தில் சேர்த்தார். 1845-இல் பிளைத் அதற்கெனக் ‘காப்ரோலேகஸ்’ என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். அப்பேரினத்தில் இன்று எஞ்சியிருக்கும் சிற்றினம் இஃது ஒன்றே.

பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் நாணல் கவலைக்கு இடமற்ற இனம். முயலோ அழியும் நிலையிலுள்ள இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அது இடம்பெற்றுள்ளது.

உயர்ந்த புல்லே முயலுக்கு உணவும் மறைவிடமும் ஆகும். தீயிட்டால் நாணல் மண்ணுக்குள் உள்ள தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். முயலுக்கோ ஒதுங்க இடமிராது. ஆகவே புல்வெளி முழுவதையும் ஒருசேர எரியாது, ஆண்டுதோறும் சில பகுதிகளை விட்டுவைத்தல் இன்றியமையாதது.