பழைய பிக்கப் வண்டியின் அதிர்வு

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டி, மணிக்கு 70 கிலோமீற்றரை அணுகும்போது விடாது அதிருமாயின், கமக்காரர் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

1. முதலிற் சில்லுகளின் உட்புறத்தை நோக்குக. வயற்சேறு காய்ந்து ஒட்டியிருப்பின் சமநிலை கெடும், கழுவி அகற்றுக.

2. புடைத்த டயர் ஓட்டத்தில் வெடிக்கக்கூடும், உடனே மாற்றுக. சில்லு நட்டுகளையும் இறுக்குக.

3. அதிர்வு சுக்கானில் தோன்றின் பெரும்பாலும் முன்சில்லுகளே காரணம். ஆசனத்தில் தோன்றின் பின்சில்லுகளோ, பின் அச்சுக்கு விசையைக் கடத்தும் நீள்தண்டோ காரணமாகும்.

4. ஒரே அளவினவாயின் முன், பின் சில்லுகளை இடம் மாற்றி ஓட்டுக. அதிர்வும் இடம் மாறின் குற்றம் சில்லிலுளது, சமநிலைப்படுத்துவிக்க. ஆசனத்திலேயே நிற்பின் நீள்தண்டின் மூட்டுகளைப் பரிசோதிப்பிக்க. தேய்ந்த மூட்டு முறிந்தால் தண்டு கழன்று வீதியில் விழும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அறுவடை தொடங்குமுன் இவற்றைச் செய்து முடித்தல் நன்று.