நோகாத சைக்கிள், நிற்காத சைக்கிள்

200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். பிரான்சின் ‘ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்’ வகுத்த விதிகளின்படி இந்தியாவிலும் நடக்கும் ‘பிரெவே’ என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் இதுதான் முதல் படி. டீ குடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, மரத்தடியில் கொஞ்சம் படுத்து எழுவது எல்லாமே அந்த நேரத்துக்குள் அடக்கம். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்ட பையன் இதைவிட வேகமாக மிதிப்பான்.

அப்படியென்றால் நெடுந்தூரத்துக்குச் சைக்கிள் வாங்குகிறவர் வேகத்துக்காகப் பணம் கொட்டத் தேவையில்லை. பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் உடம்பு நோகக் கூடாது; வழியில் எது பழுதானாலும் பயணம் நிற்கக் கூடாது. குறைந்த பணத்தில் வாங்கும்போது இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

பெரம்பலூர்க்காரர் ஒருவர் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஏறக்குறைய 75 கி.மீ. மேற்கே பச்சைமலை அடிவாரத்திலிருந்து கிழக்கே தாழ்ந்துகொண்டே போகும் நிலம் இது. அதனால் போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போது மெல்லிய ஏற்றம். ஆனி, ஆடி மாதமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் முகத்தில் அறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், உடம்பின் மேல் படும் காற்றின் வேகம் 40. தள்ளும் விசையோ நான்கு மடங்கு. சைக்கிளின் எடையில் இரண்டு கிலோ குறைப்பதைவிட, கொஞ்சம் குனிந்து ஓட்ட வசதியான ஹேண்டில் பார் அமைவது இந்தச் சமவெளியில் அதிகம் உதவும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, தொடை இடுக்கில் ஒரு புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.88-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 80 செ.மீ. கால் என்றால் 70 செ.மீ. சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும்; உயர்ந்திருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடி, சீட் உராயும். மெத்தென்ற அகலமான சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து கிலோமீட்டர் வரை சுகமாக இருக்கும் அது, மூன்றாவது மணி நேரத்தில் தொடை இடுக்கை அழுத்தத் தொடங்கும். உட்காரும் எலும்புகளைத் தாங்குகிற, சற்றுக் கெட்டியான சீட்டே நெடுந்தூரத்துக்கு உகந்தது.

அடுத்தது கியர். ‘21 கியர்’ என்ற எழுத்து சைக்கிளை விற்க உதவும், ஓட்ட அவ்வளவு உதவாது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. இவற்றின் பெருக்கம்தான் 21. அவற்றில் பல ஏறக்குறைய ஒரே கணக்கில் வந்து விழும். முன்சக்கரப் பற்களைப் பின்சக்கரப் பற்களால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்று தெரிந்துவிடும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள பழைய கறுப்புச் சைக்கிள் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 23 கி.மீ. சமதரையில் இது அருமையான கணக்கு. எதிர்காற்றிலும் ஏற்றத்திலும்தான் கால் திணறும்.

முன்னால் 38 பல் ஒன்று, பின்னால் 14 முதல் 34 பல் வரை ஏழு இருந்தால், ஒரு மிதிக்கு 2.4 மீட்டரிலிருந்து 5.9 மீட்டர் வரை கிடைக்கும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சாலைகளுக்கு இது தாராளம். துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறுகிறவருக்கு மட்டும் முன்னால் இன்னொரு சின்னச் சக்கரம் தேவைப்படலாம்.

மலை சைக்கிள் போல முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கைக் குறைந்த விலைச் சைக்கிளில் தவிர்த்துவிடுங்கள். மலிவான ஸ்பிரிங் எடையைக் கூட்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தையும் தின்னும். சாலையின் அதிர்வை வாங்க நல்ல டயர் போதும். டயர் தரையில் அமுங்கி விரியும்போது ரப்பருக்குள் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. பெரிய முண்டு முண்டான பட்டன் டயரில் அந்த வீணடிப்பு அதிகம். 35 அல்லது 38 மில்லிமீட்டர் அகலத்தில், மேல்பகுதி வழவழப்பான டயர் நம் தார்ச்சாலைக்கும் ஊர்ச்சாலைக்கும் ஒத்துவரும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். மழையில் கரிசல் மண் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

இனி, நிற்காமல் போவது. டயரின் பக்கவாட்டில் ‘28 இஞ்ச்’ என்று போட்டிருப்பதை நம்பிவிடக் கூடாது. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 இஞ்ச் ரிம் 635 மி.மீ.; புதிய ஹைபிரிட் சைக்கிளின் ‘700சி’ ரிம் 622 மி.மீ. இந்த 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. டியூப் இழுபடும் என்பதால் அவசரத்துக்குச் சமாளிக்கலாம். எனவே 700சி வாங்குகிறவர் மாற்று டயரைக் கையோடு வைத்திருப்பது நல்லது. வால்வையும் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். சீமைக்கருவேல முள் குத்தும் இடத்தில் பஞ்சர் கடை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் பையில் இருக்கட்டும்.

பிரேக் விஷயத்தில் டிஸ்க் என்றாலே உயர்வு என்று எண்ண வேண்டியதில்லை. ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கின் கட்டையும் கேபிளும் மலிவு. ஊர்க் கடைக்காரருக்குப் பழகிய வேலை. சேற்றில் அதிகம் ஓட்டுகிறவருக்கு மட்டும் டிஸ்க்கில் லாபம் உண்டு. பின்சக்கரத்தில் 36 கம்பிகள் இருப்பது நல்லது. பழைய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் வைத்ததற்குக் காரணம் இதுதான்: ஆளின் எடையும் மூட்டையின் எடையும் பின்னால்தான் விழுகின்றன. கேரியர் மாட்ட ஃபிரேமில் திருகுத் துளைகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த மிச்சத்தை இன்னும் பளபளப்பான மாடலில் போட வேண்டாம். கையில் 20,000 ரூபாய் இருந்தால் 16,000 ரூபாய்க்குள் சைக்கிளை முடித்துவிட்டு, மீதியில் ஹெல்மெட், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் தாங்கி ஆகியவற்றை வாங்கலாம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும்போது அந்தக் கண்ணாடியின் மதிப்பு தெரியும். கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற அந்தக் கல்லின் தூசி எண்ணெயோடு கலந்தால் செயினை அரைத்துவிடும். அதனால் கெட்டியான என்ஜின் ஆயில் வேண்டாம். மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கையில் பணமே இல்லை, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்தான் வீட்டில் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. சீட் உயரத்தைச் சரிசெய்து, பால்ரசுக்குக் கிரீஸ் வைத்து, நல்ல டயர் மாட்டினால் அரியலூர் போய்த் திரும்பும் 60 கிலோமீட்டருக்கு அது தாங்கும். உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எந்த மேட்டில் கால் திணறுகிறது என்பதை அந்தப் பயணம் காட்டிவிடும். கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அப்போது தெரியும்.

புதிதாக வாங்கிய சைக்கிளையும் உடனே 150 கிலோமீட்டருக்கு எடுத்துப் போகக் கூடாது. புதுச் சக்கரத்தின் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். அதுவரை பக்கத்து ஊர்களுக்கு ஓட்டி, பிறகு கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். சோழபுரப் பயணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொண்டால், திரும்பும் வழியில் ஆடிக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.