ஜமாஆ இஸ்லாமியா: ஒரு பைஅத்தும் கடை உண்டியல்களும்

பெயரைக் கேட்டதும் குழம்ப வேண்டாம். நம் நாட்டில் இயங்கும் ஜமாஅத்தே இஸ்லாமி வேறு, எகிப்தில் இதே பெயரில் இருந்த குழு வேறு. நாம் பேசுவது தென்கிழக்கு ஆசியாவின் ரகசிய ஆயுதக் குழுவைப் பற்றி.

சுஹார்த்தோ ஆட்சியின் பிடிக்குத் தப்பி 1985-ல் மலேசியாவுக்குச் சென்ற அப்துல்லாஹ் சுங்கர், அபூபக்கர் பஷீர் இருவரும் 1993-ல் இதைத் தொடங்கினார்கள். பல நாடுகளையும் 'மன்திகி' என்ற வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ('மின்தகா' என்ற அரபுச் சொல்தான் அப்படி ஆனது.) மலேசியா, சிங்கப்பூர் வட்டாரத்திலிருந்து பணம்; பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் ஆயுதப் பயிற்சி.

2002 அக்டோபர் 12 அன்று பாலித் தீவில் வைத்த குண்டுகளில் 202 உயிர்கள் போயின. மறு ஆண்டு ஜகார்த்தா மேரியட் ஹோட்டலில் இறந்த 12 பேரில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வாசலில் நின்ற டாக்ஸி ஓட்டுநர்கள் உட்பட. யாருக்கான ஜிஹாத் இது?

சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் எப்படிச் சிக்கினார்கள் என்பதைத்தான் பெற்றோர் அறிய வேண்டும். முதலில் ஓதல் வகுப்பு. பிறகு தேர்ந்தெடுத்த சிலருக்குத் தனி வகுப்பு. கடைசியில் அமீரிடம் பைஅத். அதற்குப் பின் விலகினால் பாவம் என்ற அச்சம். 2001 டிசம்பரில் சிங்கப்பூரில் கைதானவர்களில் சிலரைக் கட்டிப்போட்டிருந்ததும் இந்த உறுதிமொழிதான். 2003 முதல் அங்குள்ள உஸ்தாதுமார்கள் சிறைக்கே சென்று, ரகசியக் குழுத் தலைவனுக்குக் கொடுத்த பைஅத் ஷரீஅத்தில் செல்லாது, பாவமான காரியத்தில் யாருக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். ஃபிக்ஹ் படித்த எவருக்கும் இது புதிய சட்டமல்ல. அந்த இளைஞர்களுக்கு அதுவரை யாரும் சொல்லாததுதான் வேதனை.

அடுத்தது பணம். கடைகளில் வைக்கப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தர்ம உண்டியல்கள் இவர்களோடு தொடர்புடையவை என்று 2020-ல் இந்தோனேசியக் காவல்துறை தெரிவித்தது. அநாதைகளுக்கு என்று எண்ணி மீதிச் சில்லறையைப் போட்டவர்களுக்கு என்ன தெரியும்? ஸதகாவைக் கேட்பவர் யார், கணக்கு யாரிடம் என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

2024 ஜூன் 30 அன்று போகோர் நகரில் 16 மூத்த தலைவர்கள் கூடி, இயக்கத்தைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள். தங்களோடு தொடர்புள்ள மத்ரஸாக்களின் பாடத்திட்டத்தை அஹ்லுஸ் ஸுன்னா வல் ஜமாஅத் கொள்கைப்படி திருத்துவதாகவும் அன்றே உறுதியளித்தார்கள்.