பழங்காசு நோட்டம்

காசின் தன்மையை ஆராய்ந்து கூறுவாரை முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவருள்ளும் அப்பெயர் பூண்டார் உளர். மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிருவாகப் பொறுப்புடையாரை அச்சொல் இன்றும் குறிக்கின்றது. பழங்காசு வாங்க விழையும் அன்பர் தாமே வண்ணக்கராதல் வேண்டும் என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

மாணவர் சிலர் என்பாற் காசுகளைக் கொணர்ந்து, "ஐயா, இஃது எத்தனை ஆண்டுப் பழமையது?" என்றே முதலில் வினவுவர். பழமை மிகுந்தால் விலையும் மிகும் என்பது அவர் துணிபு. அது பொருந்தாது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் சிறு செப்புக்காசுகள் ஈழத்திற் பல இடங்களிற் கிடைத்துள்ளன. பிற நாடுகளிலும் அவை பெருந்தொகையினவாதலின், தேய்ந்த ஒன்றின் விலை சிறிதே. விலையை வகுப்பன அருமை, நிலை, வேண்டுவோர் தொகை என்னும் மூன்றுமாம்.

நிலையாவது யாது? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக்காசை எடுத்துக்கொள்வோம். அதன் ஒருபுறம் நிற்கும் அரசனுருவும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும் அதன்கீழ்ச் 'சேது' என்னும் தமிழெழுத்தும் உள. கைப்பட்டுத் தேயுங்கால் மேடான பகுதியே முதலில் மழுங்கும். ஆதலின் இடபத்தின் திமிலை நோக்குக. அடித்தபொழுது அச்சு விலகியமையால் எழுத்து ஓரத்தில் வெட்டுண்ட காசுமுண்டு. அது தேய்வன்று, பிறவிக் குறை. எழுத்து முழுதும் விளங்குங் காசுக்கே மதிப்பு மிகுதி.

இனிக் களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும். ஆங்குக் களிம்பு நீங்குதல் பேறு. பழங்காசிலோ அதனை நீக்குதல் கேடு. கெட்டியாய், வழவழப்பாய்ப் படிந்த களிம்பு காசுக்குக் காப்பாகும். பழப்புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் எழுத்தின் கூர்மையும் போம், விலையும் போம். தொட்டால் மாவாய் உதிரும் வெளிர்பச்சைப் பூப்போ செம்பை அரிக்கும் நோய். அத்தகைய காசை வாங்காது விடுதல் நன்று.

போலிகளும் பல. அச்சடித்த காசைப் பார்த்து வார்ப்பிலிட்டுச் செய்தவற்றின் விளிம்பிற் பொருத்துக்கோடும், மேற்பரப்பில் நுண்குழிகளும் காணப்படலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு தராசும் கொண்டு, ஐயமற்ற காசொன்றோடு ஒப்பிடுக.

விலையைத் துணியுங்கால், கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை மறவற்க. அதே வகையும் அதே நிலையுமுடைய காசுகள் ஏலங்களில் உண்மையாக என்ன விலைக்குப் போயின எனப் பலவற்றை ஒப்புநோக்குக. விற்போர்க்கும் ஊதியம் வேண்டுமாதலின், வாங்கிய அன்றே மீள விற்பின் கொடுத்த பணம் முழுதும் திரும்பாது.

எல்லாவற்றினும் முதன்மையானது "இஃது எங்கே கிடைத்தது?" என்னும் வினா. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டெடுத்த தொல்பொருளை அறிவித்தல் வேண்டுமென்கின்றது. உரிமமின்றி நாட்டினின்றும் கொண்டு செல்லுதலையும் தடுக்கின்றது. புதையலைக் கள்ளமாகத் தோண்டிச் சிதறடிப்போர், அக்காசு எந்த மண்ணில், எவற்றோடு கிடந்தது என்னுஞ் செய்தியையும் அழிக்கின்றனர். அதன்பின் எஞ்சுவது செப்புத்துண்டே, வரலாறன்று. வந்த வழியைச் சொல்லத் தயங்கும் வணிகரிடம், விலை எத்துணை மலிவாயினும் வாங்கற்க. நாணயம் என்னுஞ் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் தமிழின் சிறப்பு. முன்னதை நாடுவோர் பின்னதைக் கைவிடலாகாது.