ஓடிய கால்களும் ஓட வைத்த சொற்களும்

நன்றாக ஆடத் தெரிந்தவன் நன்றாகக் கற்றுக்கொடுப்பான் என்பது பொதுவான எண்ணம். ஆனால், புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் பயிற்சியாளரானபின் சோபிக்கவில்லை. தன் கால் அறிந்த வித்தையைப் பிறர் காலுக்கு மாற்றுவது தனிக்கலை. இரண்டிலும் தேறியவர்களுள் தலையாயவர் வங்காளத்தின் பிரதீப் குமார் பானர்ஜி. நாடு அவரைப் 'பி.கே.' என்றே அழைத்தது. தூத்தூர் கடற்கரை முதல் அருமனை வரை கால்பந்தில் நாட்டம் கொண்ட நம் வட்டார மாணவர்கள் அவரை அறிந்துகொள்வது நலம்.

1936ஆம் ஆண்டு ஜல்பைகுரியில் பிறந்த பி.கே., வலது ஓரத்தில் ஆடும் 'ரைட் அவுட்' வீரர். பந்து கிடைத்ததும் ஓரக்கோட்டை ஒட்டி மின்னலெனப் பாய்வார். ஓட்டத்தின் வேகம் குறையாமலே கோலை நோக்கி உதைப்பார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்தியக் குழுவில் அவர் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தலைமை தாங்கி, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்ய உதவினார். சுனி கோஸ்வாமியும், செகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அவருடன் முன்னணியில் நின்ற இணையற்ற தோழர்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அவருக்கு ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் முன்னாள் பள்ளி ஆசிரியர். தலையில் தையலுடன் இருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் துணிந்து முன்னணிக்கு மாற்றினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. ஒரு கோல் பி.கே. அடித்தது, மற்றொன்று அந்த ஜர்னைல் அடித்தது! ஒருவனிடம் மறைந்து கிடக்கும் ஆற்றலைக் கண்டெடுப்பதே பயிற்சியாளர் பணி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கிழக்கு இரயில்வேயில் பணியாற்றியபடியே அதன் குழுவுக்கு ஆடி, 1958இல் கல்கத்தா லீக் பட்டம் பெற்றுத் தந்தவர் பி.கே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெருங் கழகங்களுக்கும் அவர் ஆடியதில்லை. ஆனால் பின்னாளில் இரண்டுக்கும் பயிற்சியாளரானார். 1975இல் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியபோது பயிற்சியாளர் அவரே. 1977இல் பெலே ஆடிய காஸ்மாஸ் குழுவுடன் மோகன் பகான் 2-2 என நின்றபோதும் அவரே.

அவருடைய ஆயுதம் பேச்சு. ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் அவர் பேசுவதைப் பத்திரிகைகள் 'வோகல் டானிக்' என்றன. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், அமல் தத்தாவின் 'டயமண்ட்' வியூகத்துடன் மோகன் பகான் களமிறங்கியது. சால்ட் லேக் அரங்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. மூன்று கோல்கள் இளைஞர் பைச்சுங் பூட்டியாவுடையவை. வியூகம் தாளில் இருந்தது. வெறி நெஞ்சில் இருந்தது.

2020 மார்ச் 20 அன்று பி.கே. மறைந்தார். நம் ஊர்களில் ஆட்டக்காரன் வேலைக்குப் போனதும் பந்தை மறப்பது வழக்கம். அவன் கற்றதெல்லாம் அவனோடு போய்விடுகிறது. பி.கே.யும் வேலைக்குப் போனவர்தாம். கால் ஓய்ந்தபின் நாவினால் பலரை ஓட வைத்தார். நண்பர்களே, மைதானத்தை விட்டு வரும் நாளில், அடுத்து ஆடவரும் சிறுவர்களுக்கு நாம் எதைக் கொடுத்துவிட்டு வரப்போகிறோம்?