அரை மணியில் மூன்று கதை

ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் தம் மேலதிகாரியைப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அதிகாரி வந்து சேரும் நேரம் பார்த்து அடுப்பிலிருந்த இறைச்சி கருகிப் போகிறது. எதிரே இருக்கும் கடையில் ஹாம்பர்கர் வாங்கி வந்து, தாமே சமைத்தது என்று பரிமாறிவிடலாம் என்று ஜன்னலில் ஏறுகிறார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருக்கையில் அதிகாரி சமையலறைக்குள் வந்துவிடுகிறார். தேகப்பயிற்சி செய்வதாக ஒரு பொய். அடுப்பிலிருந்து வரும் புகைக்கு இன்னொரு பொய்: அது புகையல்ல, சிப்பிக்கறி வேகும் ஆவி. சிப்பிக்கறி என்றவர் தட்டில் ஹாம்பர்கரை வைக்கிறாரே என்று அதிகாரி கேட்க, தம் வட்டாரத்தில் ஹாம்பர்கருக்கு ‘ஆவியில் வெந்த பன்றிக்கறி’ என்றுதான் பெயர் என்று மூன்றாவது பொய். கடைசியில் சமையலறையே தீப்பற்றி எரிகிறது. அந்த வெளிச்சம் வட துருவத்து வானில் தோன்றும் ஒளி என்று சாதிக்கிறார். அதைப் பார்க்கலாமா என்கிறார் அதிகாரி. கூடாது என்கிறார் இவர்.

அதிகாரி விடைபெறும் சமயம் வீடு எரிகிறதென்று தலைமை ஆசிரியரின் தாயார் கூச்சலிடுகிறாள். அதுவும் அந்த ஒளிதான் என்று மகன் சமாளிக்கிறார். வேலை பிழைத்தது. வீடு பிழைத்ததா என்பது சொல்லப்படவில்லை.

இவ்வளவும் நடந்து முடிய மூன்று நிமிடங்கூட ஆவதில்லை. ‘தி ஸிம்ப்ஸன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1996 ஏப்ரல் 14-ந் தேதி ஒளிபரப்பான ஒரு பகுதியில், பல குட்டிக்கதைகளுக்கு நடுவே வந்த ஒன்று இது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் கற்பனை ஊரைப் பற்றிய 22 குறும்படங்கள் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். வெளியாகி இருபது வருஷங்களுக்குப் பிறகு இந்தத் துண்டு மட்டும் தனியே கழன்று உலகமெங்கும் பிரபலமாயிற்று. மேலதிகாரிக்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்னதைக் காப்பாற்ற இன்னொன்று சொன்ன அனுபவம் மாதச் சம்பளக்காரர் எவருக்கும் உண்டு.

1987-ல் வேறொரு நிகழ்ச்சிக்கு நடுவே காட்டப்பட்ட சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் இந்தத் தொடர் பிறந்தது. உருவாக்கியவர் மாட் க்ரோனிங். 1989 டிசம்பரில் தனித் தொடராயிற்று. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் சோம்பேறித் தகப்பன் ஹோமர், பொறுமைசாலியான மனைவி மார்ஜ், குறும்புக்காரப் பையன் பார்ட், படிப்பாளிப் பெண் லிசா, பேசாத கைக்குழந்தை மேகி. இந்த ஐவரையும் ஊராரையும் வைத்தே தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. 635 பகுதிகள் ஓடிய ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய கௌபாய்த் தொடரை 2018 ஏப்ரலில் இது எண்ணிக்கையில் தாண்டிற்று. (இந்தியாவில் சிலர் இந்தத் தொடரின் பெயரைக் கேள்விப்பட்டதே, அதில் வரும் அப்பு என்ற இந்தியக் கடைக்காரரைப் பற்றி 2017-ல் ஓர் ஆவணப்படம் கிளப்பிய சர்ச்சையால்தான். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

இப்படி நீண்டு ஓடும் தொடரில் அவ்வப்போது கதம்பப் பகுதிகள் வரும். விளம்பரம் போக மிஞ்சும் சுமார் 22 நிமிடத்தில் வழக்கம்போல் ஒரே கதை சொல்லாமல் மூன்று கதைகளைச் சொல்வார்கள். கதைக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் ஹோமர் ராஜாவாகலாம், ராட்சதக் குரங்காகலாம், செத்தும் போகலாம். அடுத்த வாரம் எல்லோரும் பழையபடி தங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

சில கதம்பங்கள் முப்பது வருஷம் கழித்தும் ரசிகர்கள் நினைவில் நிற்கின்றன. சில, பார்த்த மறுநாளே மறந்து போகின்றன. எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே கூட்டத்தார். பாத்திரங்களும் அதே மஞ்சள் முகங்கள்தான். எங்கே வித்தியாசம் வருகிறது?

மரத்தின் மேல் பிறந்த கதைகள்

அமெரிக்காவில் அக்டோபர் 31 ‘ஹாலோவீன்’. குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். அதையொட்டி 1990 அக்டோபர் 25-ந் தேதி முதல் கதம்பம் வந்தது. பார்ட்டும் லிசாவும் மரத்தின் மேல் கட்டிய பலகை வீட்டில் உட்கார்ந்து பேய்க்கதை சொல்கிறார்கள். அதனால் ‘ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்’ என்று பெயர் வந்தது. அன்று முதல் ஆண்டு தவறாமல் இந்தத் திகில் கதம்பம் தொடர்ந்து, 2022-ல் முப்பத்து மூன்றாவது வந்தது.

முதல் கதம்பத்தின் மூன்று கதைகளையும் பார்த்தால் பின்னால் வந்த வெற்றி தோல்விகளுக்கெல்லாம் அங்கேயே விடை கிடைக்கிறது. ஒரு கதையில் பேய் பிடித்த வீடு ஸிம்ப்ஸன் குடும்பத்தை விரட்டப் பார்க்கிறது. கடைசியில் இவர்களோடு குடியிருப்பதைவிட அழிவதே மேல் என்று அந்த வீடே தன்னை அழித்துக்கொள்கிறது. இன்னொன்றில் வேற்றுக் கிரகவாசிகள் குடும்பத்தைத் தூக்கிப் போய் விதவிதமாக விருந்து படைக்கிறார்கள். தங்களைக் கொழுக்க வைத்துத் தின்னப் போகிறார்கள் என்று புத்திசாலி லிசா சந்தேகப்படுகிறாள். ஒரு சமையல் புத்தகத்தையும் சாட்சியாகக் காட்டுகிறாள். அட்டையில் படிந்த தூசியை ஊதி ஊதிப் பார்த்தால், அது மனிதர்களைச் சமைக்கும் புத்தகமல்ல, மனிதர்களுக்குச் சமைக்கும் புத்தகம்! மனம் புண்பட்ட கிரகவாசிகள் குடும்பத்தைப் பூமியிலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கைக்கு எட்டிய சொர்க்கம் லிசாவின் புத்திசாலித்தனத்தால் போயிற்று.

‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற பழைய தொடரில் 1962-ல் வந்த கதையைத் தலைகீழாக்கியது இது. ஆனால் மூலத்தைப் பார்க்காதவரும் சிரிக்கலாம். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் லிசாவை அவருக்கு ஏற்கனவே தெரியுமே, அது போதும்.

மூன்றாவது, எட்கர் ஆலன் போ 1845-ல் வெளியிட்ட ‘தி ரேவன்’ என்ற கவிதை. மனைவியை இழந்து வாடும் மனிதனாக ஹோமர். அவனை வாட்டும் அண்டங்காக்கையின் உடலில் பார்ட்டின் தலை. பின்னணியில் கவிதையைச் சொன்னவர் கம்பீரக் குரலுக்குப் பெயர்போன நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். கார்ட்டூனில் கவிதை எடுபடுமா, மிகப் பகட்டாகப் போய்விடாதா என்று க்ரோனிங்குக்கே முதலில் தயக்கம் இருந்தது. எடுபட்டது. ஹோமருக்கும் பார்ட்டுக்கும் நடக்கும் தினசரிச் சண்டைதான் அங்கேயும் நடந்தது, கவிதை அதற்கு மேடையாயிற்று.

பீரும் டெலிவிஷனும்

கதம்பங்களிலேயே தலையாயது எது என்று கேட்டால் பல ரசிகர்கள் 1994-ல் வந்த ஐந்தாவதைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஸ்டான்லி குப்ரிக் 1980-ல் எடுத்த ‘தி ஷைனிங்’ படத்தைக் கேலி செய்யும் கதை அதில் உண்டு. பனி சூழ்ந்த பெரிய ஓட்டலைக் குளிர்காலம் முழுவதும் காவல் காக்கக் குடும்பத்தோடு வரும் ஒருவன், மெல்ல மெல்லப் பித்துப் பிடித்து மனைவி மக்களையே கொல்லக் கிளம்புகிறான். படத்தில் அவன் ஓர் எழுத்தாளன். எழுத வராமல் தவிப்பவன். ஹோமருக்கு ஏன் பித்துப் பிடிக்க வேண்டும்? ஓட்டலில் பீர் இல்லை, டெலிவிஷன் இல்லை!

இந்த ஒரே மாற்றத்தில் கதை முழுவதும் ஹோமருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அவன் கோடரியோடு கதவைப் பிளப்பதும் பயமாயிருக்கிறது, சிரிப்பும் வருகிறது. முடிவும் அதே நூலைப் பிடித்துத்தான் வருகிறது. பனியில் விழுந்து கிடக்கும் ஒரு கையடக்க டெலிவிஷனைக் கண்டதும் வெறி அடங்கிவிடுகிறது. எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பனியில் உறைந்தும் போகிறார்கள்.

அதே பகுதியில் ஹோமர் ரொட்டி வாட்டும் மின்சாரப் பெட்டியைப் பழுதுபார்க்கப் போய், அது கால யந்திரமாகிவிடுகிறது. ரே பிராட்பரி 1952-ல் எழுதிய சிறுகதையே இதற்கு மூலம். ஆதிகாலத்தில் ஒரு பூச்சியை அடித்தால் திரும்பி வரும்போது உலகமே மாறியிருக்கிறது. மறுபடி போகிறான், மறுபடி எதையோ கெடுக்கிறான். ஒரு முறை திரும்பினால் பெரிய வீடு, உயர்ந்த கார், அடக்கமான பிள்ளைகள். ஆனால் அந்த உலகத்தில் ‘டோனட்’ என்ற பலகாரத்தை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அலறிக்கொண்டு ஓடிப் போகிறான். அவன் போன பிறகு அங்கே வானத்திலிருந்து மழையாகப் பொழிகிறது டோனட்! கடைசியாக வந்து சேரும் உலகத்தில் குடும்பத்தார் பல்லியைப் போல நீண்ட நாக்கை நீட்டிச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்று ஹோமர் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறான். ஏழு நிமிடத்தில் இத்தனை உலகங்கள். ஆனாலும் ஒன்றில்கூடப் பார்ப்பவர் வழி தவறுவதில்லை. ஹோமருக்கு என்ன வேண்டும் என்பது ஒரு கணமும் மாறவில்லை.

1992-ன் ‘கிங் காங்’ கேலியும் அப்படித்தான். ராட்சதக் குரங்காக வரும் ஹோமர் கட்டடத்தில் ஏறப் பார்த்து, சில மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி விழுந்துவிடுகிறான். 1995-ல் கம்ப்யூட்டர் மூலம் முப்பரிமாணமாக வரைந்து அந்நாளில் அதிசயமாகப் பேசப்பட்ட கதையில் அவன் வேறோர் உலகத்துக்குள் நுழைகிறான். காரணம் விஞ்ஞான ஆர்வமல்ல. மைத்துனிகள் இருவர் வீட்டுக்கு வருகிறார்கள், எங்காவது ஒளிய வேண்டும்!

வேஷம் மட்டும் போதுமா?

தோற்ற கதைகளில் குறை எங்கே என்று பார்த்தால், வேஷம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். 2008-ல் இயந்திர மனிதர் படங்களைக் கேலி செய்த கதைக்குப் பெயரே ‘தலைப்பில்லாத ரோபோ கேலி’. எழுதியவர்கள் தங்கள் களைப்பைத் தாங்களே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது. ‘அவதார்’ படம் 2009 டிசம்பரில் வந்தது. அதைக் கேலி செய்த கதை 2011 அக்டோபரில். கார்ட்டூன் எழுதி, வரைந்து, திரைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். போன வருஷப் பரபரப்பை நம்பி எழுதினால் ஒளிபரப்பாகும்போது அது ஆறிப் போயிருக்கும். பழைய கவிதைக்கும் 1933-ன் குரங்குக்கும் அந்த ஆபத்தில்லை.

இலக்கியக் கதம்பங்களுக்கு வேறு கஷ்டம். 2002 மார்ச்சில் வந்த ஒரு பகுதியில் கிரேக்க வீரன் ஒடிஸியஸ், ஜோன் ஆஃப் ஆர்க், ஹாம்லெட் மூன்றும் வரிசையாக வந்தன. ஹாம்லெட்டை முழுதாக மேடையேற்றினால் நான்கு மணி நேரம் பிடிக்கும். அதை ஏழு நிமிடத்தில் அடைக்கும்போது சம்பவங்களை ஒப்பிப்பதற்கே நேரம் போய்விடுகிறது, ஹாஸ்யத்துக்கு மூச்சுவிட இடமில்லை. மூன்று வருஷம் முந்தி, 1999 ஈஸ்டர் ஞாயிறன்று வந்த பைபிள் கதைகளில் இந்தச் சங்கடம் குறைவு. ஆதாமும் ஏவாளும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஆகவே கதை சொல்லும் வேலையை விட்டுவிட்டு, பழங்களைத் தின்று தீர்த்த ஆதாம் வாய் திறக்காமல் நிற்க, ஏவாள் மட்டும் பழி சுமந்து வெளியேறுவதைக் காட்டினார்கள். அது ஏதேன் தோட்டம் அல்ல, ஹோமர்-மார்ஜ் தம்பதியின் குடித்தனம்.

சாவுக்கும் இதே கணக்குத்தான். வழக்கமான பகுதிகளில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை என்பதால் ஆரம்பக் கதம்பங்களில் ஒரு தலை உருண்டால் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாவது கதம்பத்தில் பள்ளித் தோட்டக்காரன் வில்லி மூன்று கதைகளிலும் உதவி செய்ய ஓடி வந்து, மூன்றிலும் முதுகில் கோடரி வாங்கிச் சாகிறான். சிரிப்பு கோடரியில் இல்லை, ஒவ்வொரு முறையும் அவன் அவ்வளவு நம்பிக்கையோடு ஓடி வருவதில் இருக்கிறது. பிற்காலத்தில் வருஷந்தோறும் ரத்தம் கூடிற்று. நாளை எழுந்து வந்துவிடுவான் என்று தெரிந்தவன் இன்று எத்தனை துண்டானால்தான் என்ன?

சரக்கே தீர்ந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2022-ன் கதம்பத்தில் ‘டெத் நோட்’ என்ற ஜப்பானியக் கதையைக் கேலி செய்தார்கள். பெயரை எழுதினால் ஆளைக் கொல்லும் புத்தகம் லிசாவின் கையில் கிடைக்கிறது. மூலத்தின் கார்ட்டூனில் பணியாற்றிய கொரிய ஸ்டூடியோவே இதையும் வரைந்து கொடுத்தது. பார்க்க அழகு என்பதைவிட, உலகைக் காக்கத் துடிக்கும் நல்ல பெண்ணின் கையில் அந்தப் புத்தகம் கிடைத்ததுதான் கதை.

கட்டும் கயிறு

கதம்பத்தில் பூவைப் போலவே நாரும் முக்கியம். வேதாளம் சொன்ன கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும் என்ற கவலை ஒவ்வொரு கதைக்கும் அடியில் ஓடும். 1999-ல் வெக்கையான ஆலயத்தில் பிரசங்கம் கேட்டபடியே குடும்பத்தார் ஒவ்வொருவராகத் தூங்கிப் போய்க் கனவு காண்கிறார்கள். யார் கனவு என்பதைப் பொறுத்துக் கதையின் குணம் மாறுகிறது. 2002-ன் கதம்பத்திலும் உயிருள்ள இடம் கதைக்கு வெளியேதான் இருந்தது. ஜோன் ஆஃப் ஆர்க் தீக்கிரையாகும் முடிவு வந்ததும் லிசா கலங்குகிறாள். மார்ஜ் உடனே புகுந்து, ஒரு வீரன் வந்து அவளைக் காப்பாற்றிவிட்டான் என்று முடிவை மாற்றிச் சொல்கிறாள்.

திகில் கதம்பங்களில் இந்தக் கயிறு ஐந்தாவதோடு அறுந்தது. கதைகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதற்காக நடுவில் வரும் இணைப்புக் காட்சிகளை நீக்கினார்கள். அந்த வருஷம் கதைகள் பலமாயிருந்ததால் குறை தெரியவில்லை. பலம் குறைந்த வருஷங்களில் தெரிந்தது. மூன்றில் இரண்டு சுமாராகப் போனால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

1990-ல் அது இருந்தது. மரவீட்டில் கதை சொல்லி முடித்த குழந்தைகளுக்குத் துளியும் பயமில்லை. இறங்கி வந்து நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். இருட்டில் வெளியே ஒளிந்து ஒட்டுக்கேட்டவன் தகப்பன். அன்றிரவு ஹோமர் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விளக்கை அணைக்க வேண்டாம் என்று மார்ஜிடம் கெஞ்சுகிறான்.