ஏழாம் பகுதி விடுபடும்போது

பிறந்து சில மாதங்கள் ஆகியும் குழந்தையின் தலை நிற்கவில்லை. கைகால்கள் துவண்டு கிடக்கின்றன. ஆயினும் கண்கள் தெளிவாக உள்ளன. தாயைக் கண்டு சிரிக்கிறது. இத்தகைய குழந்தைகளுள் சிலருக்கு இருப்பது எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்.

மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படுகிறது. அப்படியில் வேண்டாதவற்றை வெட்டி நீக்கி, வேண்டிய பகுதிகளை வரிசையாக இணைத்த பின்னரே புரதம் உருவாகும். இவ்வாறு வெட்டி இணைக்கும் உயிரணுக் கருவிகளைப் பூட்டித் தர உதவுவது எஸ்.எம்.என். புரதம். அதனை உருவாக்கும் எஸ்.எம்.என்.1 மரபணு 1995இல் கண்டறியப்பட்டது. அது பழுதுற்றால், தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் மடிகின்றன.

எஸ்.எம்.என்.2 என்னும் இரட்டை மரபணு ஒன்றும் நம்மிடம் உண்டு. ஆனால் அதில் முக்கியமான ஓர் எழுத்து மாறியிருப்பதால், பெரும்பாலான படிகளில் ஏழாம் பகுதி விடுபடுகிறது. கிரிவலம் வருபவர் ஆறாவதான வாயு லிங்கத்திலிருந்து, குபேர லிங்கத்தைத் தவறவிட்டு, ஈசான்ய லிங்கத்தை அடைவதைப் போன்றது இது. அவ்வாறு குறையோடு பிறக்கும் புரதம் விரைவில் சிதைந்துவிடும்.

விடுபட்ட ஏழாம் பகுதியை மீண்டும் சேர்க்கச் செய்யும் மருந்துகள் இன்று உள்ளன. நுசினர்சன் தண்டுவட நீரில் ஊசியாகவும், ரிஸ்டிப்ளாம் வாய்வழியாகவும் தரப்படுகின்றன. எனினும் மடிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆகவே, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராமல் குழந்தைநல மருத்துவரை உடனே அணுகுங்கள். இரத்தத்தில் செய்யப்படும் மரபணுப் பரிசோதனையே பெரும்பாலானோருக்கு நோயை உறுதி செய்துவிடும்.

மருந்துகளின் விலை மிக அதிகம். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் உதவி கோர, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையை அணுகலாம். மூச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, உணவூட்டும் முறை ஆகியவை எக்குழந்தைக்கும் இன்றியமையாதவை.

இந்நோய் தாயின் குறையன்று. கர்ப்ப காலத்தில் உண்ட உணவோ, கிரகணமோ இதற்குக் காரணமல்ல. பெரும்பாலும் தாய், தந்தை இருவரும் நலமாக இருந்தபடியே பழுதுற்ற மரபணுவைச் சுமக்கின்றனர். சொந்தத்தில் மணம் புரிந்தோரிடம் இந்த வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே குழந்தையின் மரபணு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கருவுறுதலுக்கு முன்பே அதனுடன் மருத்துவரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள்.